அலாரம் ஆஃப் ஆன நாள்

ஜுபைலில், மூன்றாம் யூனிட்டின் வடக்கு மூலையில்
வாக்கிடாக்கி கரகரத்தது:
அலாரம் வெண்ட் ஆஃப்.

எனக்குத் தெரிந்த ஆஃப் ஒன்றுதான்.
ஃபேன் ஆஃப். மோட்டார் ஆஃப். வெள்ளிக்கிழமை ஆஃப்.
அணைந்துவிட்டதாம், நல்லது என்று
மறந்து வந்த ஸ்பேனரை எடுக்கத் திரும்பி நடந்தேன்.
எதிரே நாற்பது பேர் ஓடிவந்தார்கள்.

ரொடேலியோ என் காலரைப் பிடித்து
சந்தைக்கு வராத ஆட்டை இழுப்பதுபோல்
காற்று வரும் திசைக்கு இழுத்தோடினான்.
ஒரு கேஸ்கெட் கசிவு. யாருக்கும் ஒன்றுமில்லை.
தலை எண்ணும் இடத்தில் மூச்சிரைக்கக் கேட்டேன்,
அணைந்த அலாரத்துக்கு ஏன் ஓடுகிறோம்?
அவன் சிரிக்கவில்லை.
கோ ஆஃப் என்றால் அலறுவது, செவத்தி,
அலறுவது.

அன்றிரவே எழுதத் தொடங்கினேன்,
பழைய டைம்ஷீட்டுகளின் முதுகில்.

டேக் ஆஃப். விமானம் என்றால் ஏறும்,
ஹெல்மெட் என்றால் இறங்கும்.
பாலும் கோ ஆஃப் ஆகுமாம்.
அது அலறாது, திரிந்துபோகும்.
புட் ஆஃப் என்பதற்கு உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை,
என் லீவு, மூன்று முறை.
பே ஆஃப்: ஒரு பைசா மிச்சமில்லாமல் அடைப்பது.
ஏஜெண்டுக்கு வாங்கிய கடனில் பாதி நிற்பதால்
இந்தச் சொல்லும் பாதிதான் புரிந்திருக்கிறது.
பெட்டர் ஆஃப் என்பதற்கு எதிரே
ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறேன்.
இங்கேயா, அங்கேயா என்று அதில் எழுதவில்லை.

ஒரு சின்ன வால்.
எந்த மாட்டில் ஒட்டினாலும்
மாடே வேறு மாடாகிவிடுகிறது.
என்ன பாஷையடா இது என்று திட்டிக்கொண்டே
பிரகாசிக்குப் போன் போட்டேன்.
பணம் வந்துவிட்டதா,
ஃபீஸ் கட்டிவிடு,
அந்தப் பல்லைப் பிடுங்கிவிடு,
பழசையெல்லாம் விட்டுவிடு.

மேல்கட்டிலிலிருந்து ஒரு தலை தொங்கியது.
விடு, விடு என்கிறாயே எல்லாவற்றுக்கும்,
விடு என்றால் என்ன?

பிடித்த கையை எடுப்பது என்று சொன்னேன்.
அப்படியென்றால் கட்டிவிடு?
கட்டி முடிப்பது.
தூக்கிவிடு என்றால் உதவி. கைவிடு என்றால் துரோகம்.
மூச்சு விடலாம், பட்டம் விடலாம், கதை விடலாம்,
மணி அடித்தால் பள்ளிக்கூடம் தானே விடும்.
சொல்லச் சொல்ல எனக்கே வியர்த்தது.
முப்பத்தெட்டு வருஷம் வாயில் கிடந்த சொல்,
ஒருநாளும் கையிலெடுத்துப் பார்த்ததில்லை.
அவன் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டான்.

லே என்றால் கிடத்துவது என்கிறது அகராதி.
நோன்புக்கு முந்தின வாரம் போர்டில் ஒட்டிய தாளில்
பதினேழு பேரைக் கிடத்தியிருந்தார்கள்.
ஒன்பதாவது பெயர் ரொடேலியோ.

ஒரு நாள் சம்பளம் போனால் போகிறதென்று
தம்மாம் ஏர்போர்ட் வரை போனேன்.
சீ ஆஃப் மட்டும் எனக்கு எழுதிப் பார்க்காமலே புரிந்தது.
மறைகிற வரைக்கும் பார்ப்பது.

கண்ணாடிக் கதவருகே ட்ராலியை நிறுத்தினான்.
சட்டைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து
ஒருமுறை உதடசைத்துப் பார்த்துக்கொண்டு
கைகூப்பி, சுத்தமான தமிழில் சொன்னான்:
செவத்தி, போய்விடு.

எங்கள் பக்கம் விரட்டும்போது சொல்வது அது.
கிளம்புகிறவர் போகிறேன் என்றுகூடச் சொல்லமாட்டார்,
போய்ட்டு வாரேன் என்பார்.
அவனுக்கு அது தெரியாது. முகம் முழுக்கப் பெருமை.
திருத்துவதற்கு வாயெடுத்தேன்.
பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள்.

சரி, ரொடேலியோ என்றேன்.
விட்டுவிட்டேன்.